வேரறுத்த முந்நூறு கன்றுகள்

“முந்நூறு கன்னுல ஒண்ணுகூடச் சாகல. பொறவு என்ன கொறை கண்டே, தாயி?” என்று கேட்டார் தவசிமுத்து.

வடிவு கன்றுப் பைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆற்றங்கரை மரங்களை வளர்ப்பதில் அவள் கைதேர்ந்தவள். அவரைவிட இருபது வயது இளையவள்.

தவசிமுத்து மணல் லாரிகளை மறித்து இந்த ஆற்று வளைவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவர். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அவரும் ஒரு கொடியும்தான் மிச்சம்.

லாரிகள் வருவது நின்றது. அதற்குள் கரை மொட்டையாகிவிட்டது.

போன வெள்ளத்தில் ஆறு பத்தடி உள்ளே வந்தது. இன்னொரு வெள்ளம் வந்தால் கரையோரக் காலனியின் முதல் வரிசை வீடுகள் போய்விடும். அதற்குத்தான் இந்த நாற்றுப்பண்ணை. நீர்மருது, நாவல், புங்கு, இடையில் நொச்சி. மழைக்கு இன்னும் நாற்பது நாள்.

“தண்ணி விட்டு ஒரு மாசமாச்சு. கேக்கவே மாட்டேங்குதுக. அப்படியே என்னய மாதிரி,” என்றார் பெருமையாக.

“அதான் பயமா இருக்கு,” என்றாள் வடிவு.

மார்பு உயரத்துக்கு நின்ற நீர்மருது ஒன்றைக் காட்டினாள்.

“தூக்குங்க.”

தூக்கினார். பை வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்.

படக்கென்று ஒரு சத்தம். கையோடு வந்த பையின் அடி கிழிந்திருந்தது. விரல் தடிமனில் ஒரு வேர், முறிந்து, தரைக்குள்ளேயே நின்றது.

சாயங்காலத்துக்குள் அந்தக் கன்று தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

“பைக்குள்ள வேரே இல்ல, அண்ணாச்சி. எல்லாம் பையைக் கிழிச்சுக்கிட்டுத் தரைக்குப் போயிட்டு. இத்தனை மாசத்துல ஒருக்காகூட இடம் மாத்தி வைக்கலியா?”

“இடம் மாறுறதா? நாலு போலீஸ் சேந்து தூக்கியும் மாறாத ஆளு நான்.”

“நீங்க மாற வேண்டாம். கன்னை மாத்துங்க.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“எல்லாத்தையும் தூக்குங்க. கீழ போன வேரை அறுத்து நிழல்ல வைங்க. ரெண்டு நேரமும் தண்ணி.”

“செத்துட்டா?”

“கரையில கொண்டு நட்டு சாகுறதுக்கு, இங்கனயே செத்துட்டா குழி வெட்டுற வேலையாவது மிச்சம்.”

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

மூன்று நாள் அறுத்தார். ஒவ்வொரு வேருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் பாதி இலை உதிர்ந்தது.

எதிரில் டீக்கடை வைத்திருந்த முப்பிடாதி, தெருவே கேட்கும்படி விசாரித்தான்.

“என்ன அண்ணாச்சி, விறகு ஏவாரத்துல எறங்கியாச்சா?”

பெஞ்சில் இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தவசிமுத்து திரும்பிப் பார்க்காமல் குடத்தைத் தூக்கினார். முப்பிடாதியும் ஒரு காலத்தில் இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு எழுந்து போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஒரு நாவல் கன்றின் நுனியில் செம்புநிறத்தில் இரண்டு துளிர்.

மறுநாள் பார்த்தால் வரிசை முழுக்கத் துளிர்.

அன்றைக்கே ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளை நூலாக ஒரு வேர் மறுபடி தரையைத் தேடிக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்தார். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை.

வானம் கறுத்த ஒரு காலையில் வடிவு வந்தாள். ஒரு பையைக் கீறினாள். மண்ணைச் சுற்றி வெள்ளை வேர் வலைபோலப் பின்னியிருந்தது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். மண் உதிரவில்லை.

“நடலாம்!” என்று கை தட்டினாள்.

அறுபத்துநான்கு வயது மனிதர் துண்டைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றினார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

“ஆனா யாரு நடுறது? முந்நூறு குழி. இந்த ஊர்ல ஒரு பய வரமாட்டான், தாயி. முப்பத்தோரு வருசமாக் கூப்பிட்டவன் சொல்லுதேன்.”

“என்னன்னு கூப்பிட்டீங்க?”

“வாங்கய்யா, வந்து உக்காருங்கன்னுதான்.”

வடிவு ஒரு கன்றைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். டீக்கடைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

தெருவைக் கடப்பதற்குள் முப்பிடாதிக்கென்று நாலு வசவு தயார் செய்திருந்தார். எதிரே போனதும் அத்தனையும் மறந்துபோயிற்று. கன்றை நீட்டினார்.

முப்பிடாதி ஒரு கையில் கிளாஸும் ஒரு கையில் பால் குவளையுமாக விழித்தான். இரண்டையும் கீழே வைத்தான். குழந்தையை வாங்குவதுபோல அடியில் கை கொடுத்து வாங்கினான்.

“கனமால்லா இருக்கு,” என்றான்.

பெஞ்சு காலியானது. யாரோ கடப்பாரைக்கு ஓடினார்கள், யாரோ மண்வெட்டிக்கு. கரைக்கு வந்து சேர்ந்தபோது முதல் தூறல் விழுந்தது.

“அண்ணாச்சி, இதை எங்கன வைக்க?” என்று கேட்டான் முப்பிடாதி.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். லாரி நின்ற பிறகு அந்த வளைவில் ஒரு கல்லைக்கூட அவர் சொல்லாமல் யாரும் நகர்த்தியதில்லை.

“நீயே ஒரு எடம் பாருடே,” என்றார் தவசிமுத்து. அடுத்த கன்றைத் தூக்கிவர ஓடினார்.