பத்தொன்பது மானிட்டரும் மூன்று பொட்டும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் டிஸ்ப்ளே ரெத்தினம் அண்ணனுக்கு ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற ஒரு கதை வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ, உள்ளே கிராபிக்ஸ் கார்டைப் பிடித்திருப்பது ஒன்று. மூன்று கதை கேட்காமல் என் கடையில் எந்த ரிப்பேரும் நடந்ததில்லை. நல்லவேளை, அவர் லாரி ரிப்பேருக்குப் போகவில்லை.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் ஜெயக்கொடி. விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து, சூடம் காட்டி, சிஸ்டத்தைப் போட்டேன். இரண்டு மானிட்டரும் 'நோ சிக்னல்' என்று சொல்லிவைத்த மாதிரி ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுவிட்டன. கேபிள்களை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன். வேறு பிளக்கில் போட்டேன். பெட்டிக்குள் ஃபேன் மட்டும் ஓடியது, படம் வரவில்லை. முதல் நாள் மத்தியானம் வரைக்கும் ஓடிய சிஸ்டம். ஆயுத பூஜைக்காக அணைத்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை.

எதிரே நாற்காலி நுனியில் செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருடைய தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பதினோரு மணிக்குத் தாய்மாமன் சீர் ஊர்வலம் கிளம்புகிறது. ஊர்வலத்துக்கு முன்னால் தூக்கிப் போக பத்தடிப் பேனர், சொந்தக்காரர் இருபத்தேழு பேர் முகத்தோடு. டிசைன் முடிந்து பெட்டிக்குள்தான் இருந்தது. "பெரியப்பாவை முன்னாடி நிறுத்துங்க, சித்தப்பாவைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்று முதல் நாள் மத்தியானம் வரை இவர் இழுத்ததில் பூஜை நேரம் வந்துவிட்டது. பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலையில்தான் தொடுவோம். பிரிண்டர் ஓடுவதும் இதே சிஸ்டத்தில்தான்.

"அக்கா, என் தம்பிகாரன் நேத்தே மண்டபத்து வாசல்ல பேனர் கட்டிட்டான். மூத்த மாமன் நான் வெறுங்கையோட போய் நின்னா, மாமியார் வீட்டுல என் தங்கச்சிய என்ன பேச்சுப் பேசுவாங்க?"

எனக்குப் பாவமாக இருந்தது. வேறு வழியில்லாமல் ரெத்தினம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஒன்பதரைக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முதல் நாள் இதே பெட்டியைத் திறந்து தூசி தட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு படி பொரியோடு போனவர்.

"ரெண்டு மானிட்டருக்கா போன் போட்ட, தங்கச்சி?" என்று சிரித்தபடி முதல் ஸ்க்ரூமேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். கை நின்றது, வாய் கிளம்பியது.

"போன வருஷம் சின்னமனூர்ல ஒரு கல்யாணம். ஒத்த கிராபிக்ஸ் கார்டு. அதுல பத்தொம்பது மானிட்டர் மாட்டுனேன், மேடையிலிருந்து பந்தி வரைக்கும் வரிசையா. மவுஸைப் பிடிச்சு ஒரு தள்ளுத் தள்ளுனேன் பாரு. அம்பு மொத மானிட்டர்ல கெளம்பும்போது மாப்பிள்ளை தாலியக் கையில வாங்குனாரு. பத்தொம்பதாவதுக்குப் போய்ச் சேந்தப்ப தாம்பூலப் பை தீந்துபோச்சு."

"ஒரு கார்டுல நாலு கேபிளுக்கு மேல சொருக இடமே இருக்காதேண்ணே" என்றேன்.

"இடத்த நம்மதான் உண்டாக்கணும்."

செல்லப்பாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணே, அந்த ஸ்க்ரூ" என்றார் மெதுவாக.

முதல் ஸ்க்ரூ வெளியே வந்தது. இரண்டாவதில் டிரைவரை வைத்ததும் அண்ணனுக்குத் தேனி ரோடு ஞாபகம் வந்துவிட்டது.

"கல்யாண மண்டபமெல்லாம் சின்ன வேலை. இங்கேருந்து தேனி வரைக்கும் மைல்கல்லுக்கு ஒரு மானிட்டர் மாட்டுனேன்."

"எதுக்கு?" என்றார் செல்லப்பாண்டி.

"எதுக்குன்னு கேக்குற ஆளுக்கு நான் வேலை செய்யிறதில்ல, தம்பி. காலையில அம்பை இங்கிட்டிருந்து தட்டிவிட்டேன். மத்தியானம் ஆகியும் தேனிக்குப் போய்ச் சேரல. என்னடான்னு விசாரிச்சா, ஆண்டிபட்டி கணவாய் மேட்டுல ஏற முடியாம நிக்குதுன்னு பஸ் கண்டக்டர் வந்து சொல்றாரு. சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ப் பின்னாலேருந்து தள்ளிவிட்டேன். திரும்பி வரும்போது சித்திரை வெயிலு. வெள்ளையாப் போன அம்பு கன்னங்கரேல்னு வந்து நிக்கிது. கம்ப்யூட்டர்ல கறுப்பு அம்பு வந்ததே அதுக்கப்புறந்தான்."

"அந்தக் கண்டக்டரு அதைப் பஸ்லயே ஏத்திவிட்டிருக்கலாம்ல?"

"ஏத்துனாரு. சில்லறை இல்லைன்னு எறக்கிவிட்டுட்டாரு."

செல்லப்பாண்டி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து ஆகப்போகிறது. தகடு கழன்று கார்டு கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சம் ஒரே ஒரு ஸ்க்ரூ. அண்ணன் டீ வந்ததா என்று கேட்டார். வந்தது. குடித்தார்.

"மதுரையில ஒரு ஸ்டுடியோ. அங்க கார்டுக்கு நான் டிரைவர் சாஃப்ட்வேர் போட்டேன். என்ன டிரைவர்? எவனும் பாக்காத டிரைவர். ஃபேன் சுத்துன காத்துல எதிர்த்த லாண்டரிக்காரரு நாப்பது வேட்டி காயப்போட்டுக்கிட்டாரு. அந்த வேகத்துல படம் முந்திக்கிட்டு வர ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கு எடுக்கப்போற போட்டோ இன்னைக்கே மானிட்டர்ல தெரியுது. ரெண்டாவது மானிட்டர மாட்டுனேன், அதுல நாளான்னைக்கு எடுக்கப்போறது. மூணாவது மாட்டுனேன். அன்னைக்குத்தான் நிச்சயம் முடிஞ்சு போட்டோ எடுக்க வந்த மாப்பிள்ளை. அவருக்குப் பொறக்கப்போற பிள்ளை மொட்டை போட்டுக் காது குத்தி உக்காந்திருக்கு. தாய்மாமன் மடியில."

"அப்படியா?" என்றார் செல்லப்பாண்டி. "அந்த மானிட்டர்லயே கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. இன்னைக்குப் பதினோரு மணிக்கு என் பேனர் எங்க நிக்குது?"

ரெத்தினம் அண்ணன் காலியான டீ கிளாஸை எடுத்து இன்னொரு தடவை உறிஞ்சினார். அந்த நேரம் பார்த்து செல்லப்பாண்டியின் தங்கச்சி போனில் வந்தாள். மேளக்காரர் வந்துவிட்டாராம். "இந்தா வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி மூன்றாவது ஸ்க்ரூவை நானே கழற்றினேன். எந்தக் கோளாறுக்கும் அண்ணன் பார்க்கிற வைத்தியம் ஒன்றுதான். கார்டை உருவி, அதன் அடியில் போர்டுக்குள் சொருகி சிக்னல் கடத்துகிற தங்கப் பல் வரிசையை அழிரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டுவார். சரி, அதையாவது செய்வோம் என்று மேஜை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு, கார்டை உருவி வெளிச்சத்தில் திருப்பினேன்.

தங்கப் பல் வரிசை மேல் மூன்று பொட்டு. வரிசையாக, அழகாக, கெட்டிச் சந்தனத்தில் வைத்து நடுவில் குங்குமம். ராத்திரி முழுக்கக் காய்ந்து ஓடு மாதிரி இருந்தது.

செல்லப்பாண்டி எட்டிப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் அண்ணனைப் பார்த்தோம்.

"வெளிப்பக்கம் எல்லாரும்தான் வைப்பாங்க, தங்கச்சி" என்றார் அண்ணன், கொஞ்சமும் அசராமல். "நான் ஒவ்வொரு பார்ட்டாக் கழட்டி வச்சேன். அந்தக் கார்டுலயே தங்கம் இருக்கிற எடம் அது. லட்சுமி இருக்கிற எடத்துல பொட்டு வைக்காம ஃபேன்லயா வைக்கச் சொல்ற?"

சந்தனத்தைச் சுரண்டி, துடைத்து, ரப்பரால் தேய்த்து, கார்டை அழுத்தி மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு மானிட்டரும் பளிச்சென்று எரிந்தன. டிசைனைத் திறந்தேன். ஒன்றில் முழுப் பேனர், மற்றதில் இருபத்தேழு முகம். செல்லப்பாண்டி மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பேனர் அடித்து முடியும்போது பத்து ஐம்பது. மரச்சட்டத்தில் வைத்து ஆணி அடிக்க நேரமில்லை. இரண்டு ஓரத்திலும் மூங்கில் கம்பு கோத்தோம். ஒரு கம்பை, பேனர் தூக்க வந்திருந்த செல்லப்பாண்டியின் மச்சான் வாங்கிக்கொண்டார். செல்லப்பாண்டி சீர்த்தட்டு தூக்க வேண்டும். மற்ற கம்பை அவர் ரெத்தினம் அண்ணனின் தோளில் சாத்தினார்.

"பத்தொம்பது மானிட்டரத் தூக்கி மாட்டுன கை. இந்த ஒத்தக் கம்பு உங்களுக்கு எம்மாத்திரம்? கெளம்புங்கண்ணே."

மண்டபம் இரண்டு கிலோமீட்டர். தெருவுக்குத் தெரு மேளம் நின்று வாசிக்கும், போட்டோ எடுப்பார்கள், வெடி போடுவார்கள். தம்பிகாரன் வாசலில் கட்டிய பேனருக்கு நேர் எதிரே இதைப் பிடித்துக்கொண்டு, பந்தி முடியும் வரைக்கும் அண்ணனை வெயிலில் நிறுத்திவிட்டார்களாம். 'மூத்த மாமன் பேனர்' என்று அதைக் காட்டிக் காட்டிச் செல்லப்பாண்டியின் தங்கச்சி எல்லாரிடமும் சொன்னாளாம். செல்லப்பாண்டி போனில் சொன்னபோது எனக்கும் மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ரெத்தினம் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. முகம் அடையாளமே தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தது. நாற்காலியில் விழுந்து, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"தங்கச்சி, ஊர்வலத்துல எத்தனை பேருங்கிற? ஒரு லட்சம் பேரு. எதிர்க்காத்து. அந்தப் பக்கம் கம்பைப் பிடிச்சவன் விட்டுட்டு ஓடிட்டான். நான் ஒத்தையாளா..."

"வந்துட்டீங்களா? கணவாய் மேட்டுல நின்னுட்டீங்களோன்னு இப்பத்தான் சைக்கிள எடுக்கப் போனேன்" என்றேன்.