அஞ்சம்மாளின் குடத்துத் தண்ணீர்

இந்தக் கதைக்கு விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் இப்போதே அங்கே தாவிவிடலாம். விடை தெரிந்துகொள்வதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடப் போவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காவிரி கடலில் சேரும் பக்கத்தில் கூத்தங்கரை என்று ஓர் ஊர். குடிக்க ஒரே கிணறு. வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கம்பெனி ஆழ்துளை போட்ட பிறகு, அந்தக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதக்க ஆரம்பித்தது. சோறு வடித்தால் மண்ணெண்ணெய் வாடை. கேட்டதற்கு, "அது உங்க பம்புசெட்டு டீசல்" என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஊர் சலித்துப்போய் விட்டுவிட்டது. அஞ்சம்மாள் விடவில்லை. அவள் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். இந்தத் தண்ணீரைக் கொடுக்கவா பெண்ணை அழைத்து வருவது? கலெக்டர் அலுவலகத்தில் மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். ஒருவழியாக உத்தரவு வந்தது. கண்காணிப்பு அதிகாரி நேரில் வந்து தண்ணீரைச் சோதிப்பார். கெட்டது என்று தெரிந்தால் கம்பெனி துளையை மூடிவிட்டு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

சோதனைக்கு விதிகள் உண்டு. வரும் தேதியை இரு தரப்புக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். அதிகாரி தன் கையால் கிணற்றிலிருந்தே தண்ணீர் எடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர் இடையூறு செய்தால் புகார் தள்ளுபடி. விதி எழுதியவர்கள் நல்லவர்கள்தான். கூத்தங்கரையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தேதி தெரிந்ததும் ஊராட்சிப் பணியாளர் கலியமூர்த்திக்குக் கை கால் ஓடவில்லை. தாசில்தார் வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, பாதையோரம் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டு ஊரைத் துடைத்து வைப்பது அவர் வழக்கம். இந்த முறை அதிகாரி பார்க்கப் போவது கிணற்றை. எனவே முந்தின நாள் மோட்டார் வைத்து ஒட்ட இறைத்தார். சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் போட்டுக் கழுவினார். ஊற்று மெதுவாகத்தான் ஊறும். காலிக் கிணற்றையா அதிகாரிக்குக் காட்டுவது? கம்பெனி மேலாளர் சந்திரபோஸிடம் போய் ஒரு லோடு தண்ணீர் கேட்டார். ஊரே கெஞ்சியும் ஒரு குடம் தராத சந்திரபோஸ் அன்று இரண்டு லாரி அனுப்பினார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அஞ்சம்மாள் அன்று வளைகாப்புக்காகச் சம்பந்தி வீட்டில் இருந்தாள். மகளை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் காலையில் திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தவள், கலியமூர்த்தியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காரியம்ண்ணே பண்ணி வச்சிருக்க?"

"பெரிய ஆபீசரு வர்றாரு புள்ள. நாத்தத் தண்ணியவா காட்டச் சொல்ற? ஊரு மானம் என்னாவுறது?" என்றார் கலியமூர்த்தி. மனசாரத்தான் சொன்னார்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி திருஞானம் இறங்கினார். பின்னாலேயே சந்திரபோஸ். கிணற்றருகே வந்ததும் திருஞானம் மூக்கைச் சுளித்தார்.

"பிளீச்சிங் போட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. நேத்தே எறைச்சு, கழுவி, கம்பெனியிலேருந்து புதுத் தண்ணி வாங்கி ஊத்திட்டேன்."

"சுத்தமா வச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, திருஞானம் பாட்டிலைக் கயிற்றில் கட்ட ஆரம்பித்தார்.

அஞ்சம்மாள் வீட்டுக்கு ஓடினாள். வளைகாப்புக்குக் கிளம்புமுன் அவள் அந்தக் கிணற்றில் இறைத்து வைத்த குடம் அடுப்படியில் அப்படியே இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே எண்ணெய் மினுமினுத்தது.

"ஐயா, இதுதாங்க எங்க தண்ணி. இதை எடுத்துக்கிட்டுப் போங்க."

"குடத்துலேருந்து எடுக்க விதி இல்லம்மா. கிணத்துலேருந்துதான் எடுக்கணும்."

"யாரு வேணாலும் ரெண்டு சொட்டு டீசலை ஊத்திக் கொண்டு வரலாம் சார்," என்றார் சந்திரபோஸ், யாரையும் பார்க்காமல்.

அஞ்சம்மாள் இருவரையும் பார்த்தாள். "கிணத்துல இருந்தாத்தானே எடுப்பீங்க? எடுங்க," என்று குடத்தைக் கிணற்றுக்குள் கவிழ்த்தாள்.

திருஞானம் கயிற்றைச் சுருட்டினார். புகார்தாரர் அதிகாரியின் கண்முன்னே சோதனைத் தண்ணீரில் கலப்படம் செய்தார் என்று எழுதினார். புகார் தள்ளுபடியானது. அஞ்சம்மாள் மேல் வழக்குப் பதிவானது. கம்பெனிக்கு அடுத்த துளைக்கும் அனுமதி கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள். ஒருவர் மரியாதைக்காக வேற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஒருவர் காரியத்துக்காக அதைக் கொடுத்தார். ஒருத்தி ஆத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டினாள். ஒருவர் எதையும் ஊற்றவில்லை, விதிப்படி நடந்தார். இந்த நால்வரில் சோதனையைக் கெடுத்தது யார்?

விடை: கலியமூர்த்தி செய்தது அசட்டுத்தனம். ஆனால் அவர் மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். சந்திரபோஸ் செய்தது தந்திரம். ஆனால் கம்பெனிக்காரர் உண்மையைக் காப்பாற்றுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அஞ்சம்மாள் ஊற்றியதும் தப்புதான். கலந்த தண்ணீரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவள் ஊற்றுவதற்கு முன்பே சோதனை செத்துவிட்டது. கெடுத்தவர் திருஞானம். ஊர் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்க வந்தவர், அது கிணற்றில் இல்லை என்று தன் காதாலேயே கேட்டார். இன்றைக்குச் சோதிக்க முடியாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த மூவரில் யாரையும் நம்பவேண்டாம் என்றுதானே சம்பளம் கொடுத்து ஒருவரை அனுப்புகிறோம்? நான்கு பேரில் வழக்கு ஒருத்தி மேல்தான். மகளுக்குச் சம்பந்தி வீட்டிலேயே பிரசவ வலி எடுத்த அன்று, அஞ்சம்மாள் கோர்ட் வாசலில் தன் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்து நின்றாள்.