நாய் பாய்வதை விட்ட கதை

அந்தக் காலத்தில், நாய்கள் காட்டில் திரிந்துகொண்டு மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாட்களில், மலையிலிருந்து இறங்கும் ஓர் ஆற்றின் துறையில் மாதப்பன் என்று ஒருவன் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான். மூங்கிலில் பின்னி மாட்டுத்தோல் போர்த்திய வட்டப் பரிசல். ஆட்களை ஏற்றி அக்கரையில் விட்டு, அங்கிருப்பவர்களை இக்கரைக்குக் கொண்டுவருவது அவன் பிழைப்பு. கரையோரக் குடிசையில் அவனும் மனைவி கெம்பம்மாவும் இருந்தார்கள்.

ஓர் ஐப்பசியில் ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வந்தது. வேரோடு சாய்ந்த மருத மரம் ஒன்று நடு ஆற்றில் மிதந்து வந்தது. அதன் கிளைமேல் ஒரு செவலை நாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது வாங்களேன்" என்று அது அழுதது.

கரையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் அசையவில்லை. மாதப்பன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான்.

மரத்தை எட்டியதும் நாயைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கிப் பரிசலுக்குள் போட்டான். அந்த நேரம் மரம் சுழன்றது. அதன் அடிப்பாகம் அவன் வலது முழங்காலில் வந்து மோதியது. பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தான். காயம் ஆறியது, கால் மட்டும் நேராகவில்லை. அதற்குப் பிறகு அவன் தடி ஊன்றித்தான் நடந்தான்.

நாய் காட்டுக்குத் திரும்பவில்லை. பகலெல்லாம் துறையிலேயே கிடந்தது. பரிசல் கரைக்கு வந்ததும் ஓடிப்போய், முன்னங்கால் இரண்டையும் மாதப்பன் நெஞ்சில் வைத்து, அவன் காதருகே வாயைக் கொண்டுபோய், "அண்ணா, நீ இல்லேன்னா நான் இல்லை" என்று சொல்லும். தினமும் அதே சொல்தான். அவன் ஒரு கையால் தடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதன் முதுகைத் தடவுவான். பரிசலில் வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மீதும் நாய் பாயும். அவர்களும் தட்டிக்கொடுப்பார்கள்.

கெம்பம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கீழே நின்னு சொன்னா ஆகாதா? அவருக்குக் கால் சரியில்லை" என்றாள்.

"காது மேலே இருக்கே அக்கா. எட்ட வேண்டாமா?" என்றது நாய்.

"விடு கெம்பி, ஆசையா வருது" என்றான் மாதப்பன்.

ஒருமுறை அவன் மூன்று நாள் பயணமாக ஆற்றின் மேல்பக்கத்து ஊருக்குப் போனான். மூன்று நாளும் நாய் தண்ணீரோரம் உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் காலையில் பரிசல் தெரிந்தது. மாதப்பன் ஒரு காலைப் பாறைமேல் வைத்து, தடியை ஊன்றி, மறு காலை எடுக்கும் நேரம். நாயால் பொறுக்க முடியவில்லை. எட்டு முழம் தூரத்திலிருந்து பாய்ந்து அவன் நெஞ்சில் விழுந்தது.

ஈரப் பாறையில் தடி வழுக்கியது. மாதப்பன் பின்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு பாறையில் அடிபட்டு, ஆழத்தில் விழுந்தான். நாயும் கூடவே குதித்து அவன் வேட்டியைக் கவ்வி இழுத்தது. கெம்பம்மா ஓடிவந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். உயிர் இருந்தது. எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

அவனைக் குடிசைக்குள் கிடத்திவிட்டு அவள் வெளியே வந்தாள். நாய் நனைந்துபோய் நின்றிருந்தது.

"போயிடு. உன் நன்றி எங்களுக்கு வேண்டாம்" என்றாள்.

நாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. ஆனால் தூரமாகப் போகவில்லை. எதிரே தெரிந்த புங்க மரத்தடியில் படுத்தது. இரண்டு நாள் எதுவும் தின்னவில்லை.

மூன்றாம் நாள் மாதப்பன் கேட்டான். "அது எங்கே?"

"துரத்திட்டேன்."

"தப்பு அதுமேல இல்லை கெம்பி. பாயும்போதெல்லாம் தடவிக்கொடுத்தது நான். பாயறது சரின்னுதானே அதுக்குத் தெரியும்?"

"மறுபடியும் பாய்ஞ்சா? இன்னொரு தடவை விழுந்தா நீங்க எனக்கு இல்லை."

"பாயாம இருக்கப் பழக்கு. நான் படுத்துக் கிடக்கிறேன். நீதான் பழக்கணும்."

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் போய்க் கூப்பிட்டாள். கூப்பிட்ட சந்தோஷத்தில் நாய் ஓடிவந்து அவள்மேலேயே பாய்ந்தது. அவள் திட்டவில்லை, தள்ளவும் இல்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நாய் முன்பக்கம் சுற்றிவந்து பாய்ந்தது. மறுபடி திரும்பினாள்.

"அக்கா, முகத்தைக் காட்டேன்" என்று கெஞ்சியது. அவள் திரும்பவில்லை.

கடைசியில் களைத்துப்போய் நான்கு காலும் தரையில் வைத்து நின்றது. உடனே அவள் திரும்பினாள். குனிந்து, மடியிலிருந்த சுட்ட மீன் துண்டை அதன் வாயில் கொடுத்தாள். "இப்போ சொல்லு, என்ன வேணும்?"

"அண்ணனைப் பார்க்கணும்."

"இப்படியே நின்னா பார்க்கலாம்."

அன்றே அது கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறுநாள் மூன்று தடவை மறந்தது. புருஷன் படுத்துவிட்டதால் பரிசலை இப்போது கெம்பம்மாதான் ஓட்டினாள். ஒவ்வொரு முறை கரையேறும்போதும் அதே பாய்ச்சல், அதே முதுகு. கால் மண்ணில் பட்டால் மீன். பரிசலில் வருபவர்களிடமும், நாய் பாய்ந்தால் திரும்பி நிற்கும்படி சொல்லிவைத்தாள். உப்பு விற்க வரும் தொட்டண்ணன் மட்டும் கேட்கவில்லை. நாய் பாய்ந்ததும் அதன் இரண்டு காலையும் பிடித்து ஆட்டி விளையாடினார். பத்து நாள் பழக்கம் ஒரே நாளில் போயிற்று.

"உங்களுக்கு விளையாட்டு அண்ணே, என் புருஷனுக்கு இடுப்பு" என்றாள் கெம்பம்மா. மறுமுறை அவரும் திரும்பி நின்றார்.

நாட்கள் போகப்போக நாய் மறப்பது குறைந்தது. அவள் கோபமும் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. தூரத்தில் வரும்போதே, துறையில் நாய் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

தை மாதம் ஒரு காலையில் மாதப்பன் முதல்முறையாக எழுந்து, தடி ஊன்றி, வாசலைத் தாண்டி வெயிலில் வந்து நின்றான். துறையிலிருந்த நாய் அதைப் பார்த்தது. நான்கு கால் பாய்ச்சலில் ஓடிவந்தது. கெம்பம்மா கையிலிருந்த துடுப்பைக் கீழே போட்டாள். குடிசையை நோக்கி ஓடினாள்.

அவன் காலடிக்கு ஒரு முழம் முன்னால் நாய் நின்றுவிட்டது. நான்கு காலும் மண்ணில் இருந்தன. நகத்தால் மண்ணை இறுகப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. உள்ளே இருந்த சந்தோஷம் முன்னங்காலுக்குப் போகப் பார்த்தது, வழி இல்லை. முதுகோடு பின்னால் ஓடியது. அதுவரை நாய்களின் வால் ஒரு வேலையும் இல்லாமல் குச்சிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த நாயின் வால் முதலில் லேசாக அசைந்தது. பிறகு இடுப்பையும் சேர்த்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. சொல்ல வந்த சொல்லை நாய் மறந்தே போனது.

மாதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்னமோ சொல்லுது கெம்பி."

"எனக்குக் கேட்குது" என்றாள் அவள். வந்து அவன் தோளைத் தாங்கி மெல்லத் தரையில் உட்கார வைத்தாள். அவன் முகம் நாயின் முகத்துக்கு நேராக வந்தது. அவனும் அவளும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் நாய் தனக்கு வேண்டியவரைக் கண்டதும் வாயால் பேசுவதை விட்டு வாலை ஆட்டுகிறது, அதைக் கண்ட மனிதரும் குனிந்து தடவிக்கொடுக்கிறார்கள்.