அமுக்கி எழுதுன செவத்தையா

அந்த டேப்லெட்டை அணைச்சு அந்தாண்ட வச்சுட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படு பாப்போம். போர்வையை இழுத்துக்கோ. அத்தை கதை சொல்றேன், நீ ம் கொட்டணும். கொட்டாம தூங்கிட்டேன்னா பாதியிலயே நிறுத்திடுவேன். அப்புறம் காலைல வந்து மீதி எங்கேன்னு நச்சரிக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு தாலுகா ஆபீசு. ஆபீசு வாசல்ல ஒரு வாகை மரம். மரத்து நிழல்ல ஒரு ஸ்டூலு, ஸ்டூலு மேல ஒரு ஆளு. பேரு செவத்தையா. மனு எழுதுறவரு. பட்டா வரலியா, பென்ஷன் நின்னு போச்சா, குழாயில தண்ணி வரலியா, எல்லாரும் அவருகிட்டதான் வருவாங்க. அவரு எழுதுன மனுவைப் படிச்சா ஆபீசரு அப்படியே எந்திரிச்சு நிப்பாராம். யாரு சொன்னா? அவரேதான் சொல்லிக்குவாரு. ம் சொல்லு.

ம்.

அவரு எழுதுற விதமே தனி. முழங்கால் மேல ஒரு அட்டை. அட்டை மேல ஒரு தாளு, கார்பன், மறுபடி தாளு, மறுபடி கார்பன், மறுபடி தாளு. ஆபீசுக்கு ஒண்ணு, மேலாபீசுக்கு ஒண்ணு, மனு குடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. அடியில கிடக்கிற மூணாவது தாள்லயும் எழுத்து விழணும்னா சும்மா தடவுனா ஆகுமா? ஆளே சாய்ஞ்சு அமுக்கணும். கறுக்கு முறுக்கு, கறுக்கு முறுக்குன்னு முப்பது வருசம் அமுக்குனாரு.

அப்புறம் என்னாச்சு, கட்டைவிரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்க ஆரம்பிச்சுது. மணிக்கட்டு வீங்கிப் போச்சு. சோறு பிசைய முடியலை, சட்டைப் பொத்தான் போட முடியலை. யாருகிட்டயாவது சொன்னாரா? வாயே திறக்கலை. மனு எழுதுறவனுக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சா எவன் வருவான்னு பயம். கைக்குட்டையைச் சுத்திக்கிட்டு, கேட்டவங்ககிட்ட எல்லாம் "பூச்சிக்கடி"ன்னு புளுகிக்கிட்டுத் திரிஞ்சாரு. பூச்சி ஒரே இடத்துல ஆறு மாசமா கடிக்குமா? கேக்கத்தான் ஆளில்லை.

கடைசியில டாக்டரம்மாகிட்ட போனாரு. அவங்க பாத்துட்டு, "இப்படியே அமுக்கி எழுதுனீங்கன்னா விரல் மடங்கவே மடங்காது. டேப்லெட் ஒண்ணு வாங்கிக்கங்க. தொட்டாலே எழுத்து விழும்"ன்னாங்க.

அப்போ செவத்தையா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைக்குப் போனாரு. அங்க நீலக் கோட்டு போட்ட ஒரு அம்மா நின்னாங்க. செல்வமேரின்னு பேரு. "யாருக்குண்ணே, பேரப்பிள்ளைக்கா?"ன்னு கேட்டாங்க.

"எனக்குத்தாம்மா. கை வலி."

ஆறு மாசமா வீட்டு ஆளுககிட்டகூடச் சொல்லாததை முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட சொல்லிட்டாரு பாரு. செல்வமேரி சிரிக்கலை. "எங்கம்மாவுக்கும் பீடி சுத்திச் சுத்திக் கை இப்படித்தான் ஆச்சு. உக்காருங்கண்ணே, கைக்கு எது ஒத்து வருதோ அதைப் பாத்து எடுப்போம்"னாங்க.

முதல்ல ஒண்ணு வந்துச்சு, தாம்பாளத் தட்டு மாதிரி பெருசு. தூக்குனாரு, மணிக்கட்டு சுளீர்னுச்சு. "வேண்டாம்மா." அப்புறம் ரெண்டாவது, உள்ளங்கை அளவு. அதோட பேனா ஊதுபத்திக் குச்சி கணக்கா ஒல்லி. அதைப் பிடிக்கவே விரலை இறுக்க வேண்டியிருந்துச்சு. "இதுவும் வேண்டாம்மா." செல்வமேரி சலிச்சுக்கவே இல்லை. மூணாவதா ஒண்ணு எடுத்தாங்க. பெருசும் இல்லை, சிறுசும் இல்லை. பேனா நல்லாப் பருமனா விரலுக்கு வாகா இருந்துச்சு. "இதுல அமுக்கவே வேண்டாம்ணே, தொட்டாப் போதும்."

செவத்தையா தொட்டாரு. சர்ர்ர்னு எழுத்து ஓடுச்சு. வலி துளிகூட இல்லை. மனுசனுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. ம்?

ம்...

"இதுக்கு உறை எடுத்துட்டு வர்றேன்"னு செல்வமேரி உள்ள போனாங்க. இவரு சும்மா இருந்திருக்கலாம்ல? அதைத் தூக்கி முழங்கால் மேல வச்சுக்கிட்டாரு. எழுத எழுத, அடியில ரெண்டு கார்பன் கிடக்கிற நினைப்பு வந்துடுச்சு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. அப்படியே சாய்ஞ்சு, உள்ளங்கையை ஊனி, ஒரு அமுக்கு அமுக்குனாரு.

படக்.

மூலைக்கு மூலை கண்ணாடியில கீறல். செவத்தையா அந்தாண்ட பாத்தாரு, இந்தாண்ட பாத்தாரு. யாரும் பாக்கலை. மெதுவா அதைக் குப்புறக் கவுத்து மேசையில வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு.

கேமரா இல்லியா அத்தை?

இருந்துச்சு. திருடனுக்குப் பயங்காட்ட மாட்டி வச்ச பொம்மைக் கேமரா. ம் கொட்டச் சொன்னா கேள்வி கேக்குறான் பாரு.

உறையோட வந்த செல்வமேரிகிட்ட "நாளைக்கு வர்றேம்மா"ன்னாரு. அவங்க, "சரிண்ணே. கையைப் பாத்துக்கங்க, ராத்திரி வெந்நீர்ல கல்லுப்பு போட்டு முக்கி வைங்க"ன்னாங்க. அந்தப் பேச்சுதான் அவரை வீடு வரைக்கும் விரட்டிக்கிட்டு வந்துச்சு. வெந்நீர் போட்டாரு, உப்பும் போட்டாரு. அதுல கையை விட மனசு கூசுச்சு. அப்படியே கீழ ஊத்திட்டாரு.

மறுநாள் சொல்லிடலாம்னு கடை வாசல் வரைக்கும் போனாரு. உள்ள கூட்டம், திரும்பிட்டாரு. அடுத்த நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாரு, டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டாரு. மூணாம் நாள் கிளம்பவே இல்லை. ஊரு அநியாயத்தை எல்லாம் தாள் தாளா எழுதுன ஆளு, தான் பண்ணுனதைச் சொல்ல முடியாம வெக்கத்துல குறுகிப் போய் உக்காந்திருந்தாரு.

நாலாம் நாள் மரத்தடியில வரிசை நிக்குது. வரிசையில யாரு? செல்வமேரி. நீலக் கோட்டு இல்லை.

"அண்ணே, நீங்கதான் மனு எழுதுறவரா? நல்லதாப் போச்சு. டேப்லெட்டை நான் உடைச்சுட்டேன்னு வேலையை விட்டு நிப்பாட்டிட்டாங்க. அன்னைக்கு நீங்களும் இருந்தீங்கல்ல, நான் எவ்வளவு பதனமா எடுத்துக் காட்டுனேன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா."

"அதையே எழுதுங்கண்ணே. முதலாளிக்கு ஒண்ணு, லேபர் ஆபீசுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

செவத்தையா மூணு தாளை அடுக்குனாரு, கார்பன் வச்சாரு. கறுக்கு முறுக்கு, கறுக்கு முறுக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் உசுரு போச்சு. நிறுத்தலை.

எழுதி முடிச்சாரு. மனு எழுதுறவங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதுனதை வாய்விட்டு வாசிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கவே கூடாது. வரிசையில நிக்கிறவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. செவத்தையா தாளைத் தூக்கிப் பிடிச்சு வாசிச்சாரு:

"மேற்படி கண்ணாடியை உடைத்தது செல்வமேரி அல்ல. வாகை மரத்தடியில் மனு எழுதும் செவத்தையாவாகிய நானே. உடைத்ததைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தேன் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

செல்வமேரி அவரையே பாத்தாங்க.

"ஏண்ணே அன்னைக்கே சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எனக்கு? கடையில அத்தனை பேரு முன்னாடி, கோட்டைக் கழட்டி வச்சுட்டுப் போன்னு சொன்னாங்களே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

செவத்தையா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"எந்திரிங்க. அத்தனை பேரு முன்னாடியும் வந்து இதை வாசிங்க"ன்னாங்க செல்வமேரி.

போனாரு. கடை நிறைய ஆளுக, முதலாளியும் நிக்கிறாரு. ஒரு வரி விடாம வாசிச்சாரு. யாரோ கெக்கேன்னு சிரிச்சாங்க. நிறுத்தாம வாசிச்சாரு. முதலாளி உள்ள போய் நீலக் கோட்டை எடுத்துட்டு வந்து செல்வமேரிகிட்ட நீட்டுனாரு. இவருகிட்ட, "உடைச்சதை நீங்களே எடுத்துக்கிட்டுக் காசைக் கட்டுங்க"ன்னாரு. அது நியாயம்தானே. கட்டுனாரு.

செல்வமேரி கோட்டை மாட்டி, பொத்தானை ஒண்ணொண்ணாப் போட்டாங்க. செவத்தையா கிட்ட போய், "மன்னிச்சிரும்மா"ன்னாரு.

மன்னிச்சேன்னு அவங்க சொல்லலை. அந்தக் கீறல் விழுந்த டேப்லெட்டைத் துடைச்சு அவரு முன்னாடி வச்சாங்க. வீங்கிப் போன அவரு கையைப் பிடிச்சு, அந்தப் பருமனான பேனாவை விரலுக்குள்ள மெதுவா வச்சு, "இனிமே அமுக்காதீங்கண்ணே"ன்னாங்க.

அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்த செவத்தையா அப்போதான் அழுதாரு.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி, கதையும் அடங்கியாச்சு, நீயும் அடங்கு. கண்ணை மூடு, ராசா.