காலுக்கு வந்தவர்

எலும்பு வார்டில் சக்கர நாற்காலி தள்ளுகிறவன் நான். டாக்டர்கள் பேசுவது காதில் விழும். விழுந்தால் என் குற்றமா?

நெஞ்சு நோய் டாக்டர் கோமதி அம்மாவிடம் படிக்க வந்தவர் ராஜநாயகம். அம்மாவைவிட நாலு வயது மூத்தவர். அன்று காலை அம்மாவோடு எங்கள் வார்டுக்கு வந்தபோது அலுத்துப்போய்க் கேட்டார்.

"நாற்பது பேருக்கு நெஞ்சு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினேன், மேடம். எல்லாரும் வருஷக்கணக்கா பீடி குடிச்சவங்க. மூணு பேர்தான் வந்தாங்க. ஏன் வர மாட்டேங்கிறாங்க?"

அம்மா நேரே பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கட்டிலில் மாசானம், கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர். மத்தியானம் வீட்டுக்குப் போகிறார். மனைவி பேச்சியம்மாள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டு பீடி எத்தனை நாளைக்கு வரும்?" என்றார் அம்மா.

"குடிப்பீங்களா?" என்று கேட்டிருந்தால் மனுஷன் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பார். இப்போது மனைவியைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

"ஒரு நாளே தாங்காது, டாக்டரம்மா. முப்பத்தஞ்சு வருசமா அப்படித்தான். ஆனா இருமல் கிருமல் ஒண்ணும் இல்ல."

"இருமல் வர்றதுக்கு முந்தியே பார்க்கிறதுதான் இந்த ஸ்கேன்."

பேச்சியம்மாள் மூட்டையை அப்படியே விட்டுவிட்டாள்.

"பாத்துருங்க தாயி. இவுக அண்ணன் நெஞ்சுல கட்டி வந்துதான் போனாரு. கண்டுபிடிக்கையில முத்திப்போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

ராஜநாயகம் உடனே சீட்டு எழுதினார்.

"கோட்டைக் கழட்டி வச்சிட்டு, வெளியிலிருந்து வர்ற நோயாளி மாதிரி நீங்களே போய் இதுக்குத் தேதி வாங்கிட்டு வாங்க," என்றார் அம்மா.

போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். பதிவு ஓரிடம், முத்திரை ஓரிடம், வரிசை இன்னோரிடம். இது எனக்குத் தெரியாதா?

"அடுத்த மாசம் ஒன்பதாம் தேதி," என்றார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறணுமே," என்றாள் பேச்சியம்மாள்.

மாசானம் சீட்டை வாங்கி, மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்படி மடித்து வைத்தவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"பார்த்தீங்களா மேடம், இவரும் வர மாட்டார்," என்றார் ராஜநாயகம் தாழ்ந்த குரலில்.

காலுக்கு வந்தவரின் நெஞ்சைப் பற்றி எங்கள் வார்டில் யாரும் கேட்பதில்லை. அதுதான் எங்கள் வழக்கம். இத்தனைக்கும் ஸ்கேன் அறை இதே மாடியில்தான். வார்டில் படுத்திருப்பவருக்கு ஒரு போன் போதும்.

அம்மா அந்தப் போனைச் செய்தார். பிறகு மாசானத்துக்காக நான் கொண்டுவந்த நாற்காலியை என் கையிலிருந்து வாங்கி ராஜநாயகத்தின் பக்கம் திருப்பினார்.

"வந்தாரே, டாக்டர். பதினோரு நாளா இங்கேதான் படுத்திருந்தார்."