நாலு ஐம்பது வண்டி

“மொத வரியே வர மாட்டேங்கு, தாயி.”

சொன்னவர் சுடலைமுத்து. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டவர் எழுத்தாளர் அங்கயற்கண்ணி. சுடலைமுத்துவைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் சுடலைமுத்து நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். அதில் தப்பே இல்லை. நான் பார்த்த எழுத்தாளர்களில் கேள்வி கேட்கத் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.

நோட்டை நீட்டினார் சுடலைமுத்து. நாற்பது பக்கங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அழகாக ஒரு பிள்ளையார் சுழி. கீழே ஒன்றுமில்லை.

“பிள்ளையார் நாப்பது தடவை வந்துட்டுப் போயிருக்காரே, அண்ணாச்சி!”

சுடலைமுத்து சிரிக்கவில்லை.

“சகாயம் மவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன், தாயி.”

சகாயம் அவர் போன பஸ்ஸின் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி. போன வருஷம் இறந்துபோனான்.

“அப்பா வண்டி ஓட்டி நான் பாத்ததே இல்ல, எழுதித் தாங்க மாமான்னு கேட்டா. வார ஞாயித்துக்கெழம அவனுக்கு மொத வருஷப் பூசை. எதுல ஆரம்பிக்க? எல்லாம் மனசுல முழுசா சேந்துட்டா எழுதிருவேன்.”

அங்கயற்கண்ணி நோட்டை மூடினார்.

“உங்க முதல் டிரிப் எத்தனை மணிக்கு?”

“காலைல நாலு அம்பது.”

“எடுக்கும்போது வண்டியில எத்தனை பேரு?”

“ஒரு ஆளு இருக்காது. நானும் அவனுந்தான்.”

“நிறையட்டும்னு காத்திருப்பீங்களோ?”

சுடலைமுத்துவுக்குக் கோபமே வந்துவிட்டது.

“அதெப்படி தாயி? நேரமாச்சுன்னா ரெண்டு விசிலு. வண்டி கெளம்பிரணும். ஆளு வழியிலதான் ஏறும். சேரன்மாதேவியில பூக்காரம்மா ஏறுவா. கூடையை அவன் பக்கத்துல கொண்டுபோய் வைப்பா. பிச்சிப்பூ வாசம் வந்தாத்தான் எஞ்சின் இழுக்குன்னு சொல்லுவான், கிறுக்குப்பய. அதுக்காவ அவ ஸ்டாப்புக்கு வரலேன்னா, வண்டிய உருட்டிக்கிட்டே அவ வார சந்துக்குள்ள எட்டிப் பாப்பான்...”

அங்கயற்கண்ணி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பேச்சு தனக்கு வரவில்லையே என்ற ஏக்கம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

சுடலைமுத்துவின் பார்வை மூடிக் கிடந்த நோட்டின் மேல் போனது.

அங்கயற்கண்ணி நோட்டைத் திறந்தார். நாற்பத்தொன்றாம் பக்கம். பேனாவைக் கையில் கொடுத்தார்.

சுடலைமுத்துவின் கை வழக்கம்போல் சுழியைப் போட்டது. அங்கேயே நின்றது.

தெருவே மதிக்கிற அந்த எழுத்தாளர் இரண்டு விரலை வாயில் வைத்து, ரெண்டு விசில் அடித்தார்.

சுடலைமுத்து எழுதினார்:

‘வண்டியில் ஒரு ஆள் இல்லை. சகாயம் வண்டியை எடுத்தான்.’