பன்னிரண்டு நிமிடம் எட்டு விநாடி

துரைக்கண்ணு 'சி' என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. கற்றுக்கொடுத்த சுபைதாவுக்கு முப்பத்தாறு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம். பழைய கணினிகளிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாதபடி அழித்து அனுப்புவது அதன் தொழில். கழற்றுவது பதினொரு வருடமாக துரைக்கண்ணுவின் வேலை. அழிக்கும் புரோகிராமை எழுதியவள் சுபைதா. தோள்பட்டை வலி வந்த பிறகு, "உட்கார்ந்து செய்யற வேலை ஏதாவது கத்துக் குடுங்க மேடம்" என்று கேட்டார். அவள் மறுக்கவில்லை.

நான்கு மாதம் போயிற்று. அவள் கொடுத்ததெல்லாம் சில்லறை வேலைகள். டிஸ்க்கின் வரிசை எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை வெட்டுவது. எழுத்துகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுப்பது. இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுவது. விநாடிகளை மணியாகவும் நிமிடமாகவும் மாற்றுவது. இந்தக் கடைசி வேலையை ஐந்து முறை திருப்பி எழுத வைத்தாள். ஒருமுறை அது பதினொரு நிமிடம் அறுபது விநாடி என்று காட்டியது.

"அறுபது விநாடின்னு ஒண்ணு உண்டாண்ணே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கேட்டேவிட்டார். "அழிக்கிறதை எப்ப மேடம் சொல்லித் தருவீங்க?"

சுபைதா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு ஃபைலைத் திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். எட்டு வரி. டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போ என்றது அது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மிச்சம் நாலாயிரம் வரி இருக்கே?"

"அதுலதான் உங்களை உட்கார வெச்சிருக்கேன்."

எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே தன் மேசைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் அயனாவரத்திலிருந்து ஜெமிமா என்றொரு பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு டிஸ்க்குகளை அனுப்பினார். ஒன்றை அழிக்க வேண்டும். மற்றது பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதித்துத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. துரைக்கண்ணு இரண்டையும் ஒரே கணினியில் மாட்டினார். அழிக்க வேண்டியதன் வரிசை எண்ணைத் தட்டி, தொடங்கிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் மற்ற டிஸ்க்கில்.

ஓடிப்போய் நிறுத்தினார். திரையில் நேரம் நின்றது: பன்னிரண்டு நிமிடம் எட்டு விநாடி.

சுபைதா வந்தாள். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எழுதிய வரிகளைப் படித்தாள். அந்த டிஸ்க்குகளின் வரிசை எண் பதினேழு எழுத்து. முதல் பதினைந்தும் இரண்டுக்கும் ஒன்றேதான். நகல் எடுப்பதற்கு துரைக்கண்ணு ஒதுக்கியிருந்த இடம் பதினாறு. இங்கே முடிகிறது என்று காட்டும் குறிக்கு அதில் ஒன்று போக, எழுத்துக்கு மிஞ்சியது பதினைந்து. கடைசி இரண்டு எழுத்தைப் புரோகிராம் பார்க்கவே இல்லை. முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டுவிட்டது.

"இதுவரைக்கும் வந்த டிஸ்க் எல்லாம் சின்ன எண்ணா இருந்திச்சு மேடம்..."

"நானும் படிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பல நாள் தூங்காதவளின் குரல் போல இருந்தது. "கிளம்புங்க. ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வருவோம்."

ஜெமிமாவின் அறையில் ஒரு மேசை, ஒரு மைக், நான்கு நாற்காலிகள். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிடப் போகிறவர்களை அறுவை சிகிச்சைக்கு முன்னால் அங்கே உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்வார். வீட்டாருக்கு அந்தக் குரலாவது இருக்கட்டும் என்று. ஒன்பது வருடத்துப் பதிவுகள் அந்த டிஸ்க்கில் இருந்தன.

துரைக்கண்ணு நடந்ததைச் சொன்னார். ஜெமிமா மைக்கை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"பன்னிரண்டு நிமிஷத்துல எவ்வளவு போயிருக்கும்?"

"ஏழுல ஒரு பங்கும்மா. தொடக்கத்துல இருந்தது. முதமுதல்ல பதிவு செஞ்சவங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நேரம் சரிதாம்மா. அந்தக் கணக்கை அஞ்சு தடவை எழுதினேன்."

ஜெமிமா பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார். "முதல்ல வந்தவர் பஸ் கண்டக்டர். 'உள்ள போ, உள்ள போ'ன்னு சொல்லிக் காட்டுங்க தாத்தான்னு பேத்தி கேட்டா. பத்துத் தடவை சொன்னார்."

"இப்ப இருக்காரா?"

"இல்லை."

மிச்சத்தை மீட்க மூன்று வாரம் ஆயிற்று. சுபைதா அந்த மூன்று வாரமும் வேறு வேலை தொடவில்லை. கடைசியில் முப்பத்தொரு பேரின் குரல் போய்விட்டிருந்தது. ஒன்பது பேர் வீட்டில் போனில் நகல் இருந்தது. இருபத்திரண்டு பேருக்கு எதுவும் இல்லை.

"அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார் ஜெமிமா.

"இல்லம்மா. என்கிட்ட நம்பர் குடுங்க" என்றார் துரைக்கண்ணு.

இருபத்திரண்டு வீட்டுக்கும் அவரே பேசினார். சுபைதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள். ஓர் அம்மாள் மட்டும், "நீங்க யாரு பேசறது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரரின் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். கரகரவென்று இருக்குமாம். கூப்பிடும்போது பெயரின் கடைசியில் ஓர் இழுப்பு இருக்குமாம். அரை மணி நேரம் சொன்னார். துரைக்கண்ணு, "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போனை வைத்துவிட்டு எழுந்தார். "நான் திருப்புளியைப் பிடிச்சுக் கழட்டற வேலைக்கே போயிடறேன் மேடம்."

மறுநாள் காலை அவர் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் சுபைதாவுடையது. மாலைக்குள் அவர் அந்த நகல் எடுக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார். எழுத்துக்கு இடம் போதாவிட்டால் அது வெட்டாது. நின்றுவிடும், ஆளைக் கூப்பிடும். ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். சுபைதாவும் பார்த்தாள். ஏழாவது முறை பார்த்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கி வரிகள் ஒன்றோடொன்று ஒட்டின.

"எத்தனை தடவை பார்த்தா போதும் மேடம்?"

சுபைதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இமைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"தெரியலண்ணே" என்றாள். "இந்தத் தடவை கடைசி எழுத்துலேர்ந்து வாசிங்க."